கவர்வழியில் நின்ற நெஞ்சம்

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருக்கோயிலுக்கு வருவோரில் பலர், சந்நிதியில் நிற்கும்போதே வாயிலுக்கு வெளியே கிடக்கும் ஒன்றை நினைத்துக்கொண்டிருப்பர். அது செருப்பு. அர்ச்சகர் தீபாராதனை காட்டுகிறார், மணி ஒலிக்கிறது, கைகள் தலைமேல் குவிகின்றன. உள்ளமோ, ‘புதுச் செருப்பாயிற்றே, காப்பகத்தில் விட்டிருக்கலாமே’ என்று வாயிற்படியில் காவல் கிடக்கிறது. நகைப்போர் நகைக்கலாம். ஆயினும் மனக்கவலையின் இயல்பு முழுவதும் இச்சிறு நிகழ்ச்சியில் அடங்கியுள்ளது. செருப்பு இன்னும் களவு போகவில்லை. போகும் என்பதற்குச் சான்றும் இல்லை. உள்ளே நின்று நினைப்பதனால் வெளியே அதற்குக் காவலும் இல்லை. கண்ணெதிரே இருந்த காட்சி மட்டும் போயிற்று.

செருப்பைப் பற்றிய கவலை வீடு திரும்பும்முன் தீர்ந்துவிடும். மகளின் திருமணம், மகனின் தேர்வு முடிவு, அடகு வைத்த நகைக்கு ஏறும் வட்டி, மருத்துவமனையில் கொடுத்த இரத்தப் பரிசோதனையின் அறிக்கை, இவை பற்றிய கவலைகளோ உடன் உண்டு உடன் உறங்கி, சில சமயம் உறங்கவிடாமலும் இருப்பவை. திருவள்ளுவப் பெருந்தகை கடவுள் வாழ்த்தின் ஏழாம் பாடலிலேயே மனக்கவலை என்னும் சொல்லை வைத்தார். இறைவன் திருவடி சேராதார்க்கு அதனை மாற்றுதல் அரிது என்றார். அவ்வளவில் அமைந்தாரா எனின், இல்லை. பொருட்பாலில் ஊக்கம் உடைமை, மடி இன்மை, ஆள்வினை உடைமை என்னும் 60, 61, 62ஆம் அதிகாரங்களைக் கூறி, அவற்றை அடுத்து 63ஆம் அதிகாரமாக இடுக்கண் அழியாமையைத் தனியே வகுத்தார். கைகூப்புதலும் வேண்டும், கூப்பிய கையை விரித்துக் காரியம் செய்தலும் வேண்டும் என்பது அவ்வைப்பு முறையால் பெறப்படும்.

கவலை என்னும் சொல்லைச் சற்று ஆராய்தல் தகும். தமிழில் இச்சொல்லுக்கு மனத்துயர் மட்டும் பொருளன்று. ஒரு வழி இரண்டாகவோ பலவாகவோ பிரியும் இடத்திற்கும் கவலை என்றே பெயர். சங்கச் சான்றோர் மலைவழியையும் காட்டுவழியையும் பாடுமிடங்களில் இப்பொருளில் இச்சொல் பயின்று வரும். உரையாசிரியர்கள் கவர்த்த வழி என்று பொருள் எழுதுவர். நெஞ்சின் நோய்க்கும் வழியின் பிரிவுக்கும் ஒரே சொல்லைத் தமிழர் ஆண்டது சிந்திக்கத்தக்கது. ஒற்றை வழியில் நடப்பவனுக்குக் கால் நோகலாம், கவலை இல்லை. வழி பிரியுமிடத்தில் நிற்பவனோ நடக்கவும் இல்லை, அமரவும் இல்லை. ‘இப்படிப் போனால் அப்படி ஆகுமோ, அப்படிப் போனால் இப்படி ஆகுமோ’ என்று இருபுறமும் மனத்தை அனுப்பிவிட்டு உடம்பை நடுவில் நிறுத்தி வைத்திருக்கிறான். ஓரடி எடுத்து வையாமலே களைத்துப் போகிறான்.

இன்னொரு பொருளும் உண்டு. மின்னிறைப்பு வருமுன் கிணற்றில் மாடு பூட்டி நீர் இறைத்த கமலைக்குக் கவலை என்றும் பெயர். மாடுகள் சரிவில் இறங்கும்போது சால் மேலே வரும். பின்னோக்கி ஏறும்போது சால் கிணற்றுள் இறங்கும். பொழுதெல்லாம் அதே சரிவு, அதே அடிகள். உறக்கமற்ற இரவில் ஒரே நினைவு போவதும் வருவதும் இவ்வாறே. ஒரு வேற்றுமை மட்டும் உண்டு: மாடு இழுத்த கவலையில் வயலுக்கு நீர் பாய்ந்தது.

இனி, கவலை தம்மைப் பற்றியிருப்பதை ஒருவர் அறிவது எங்ஙனம்? கவலைப்படுகிறாயா என்று கேட்டால் பெரும்பாலோர் இல்லை என்றே விடையிறுப்பர். அவர்கள் பொய் கூறுவதும் அன்று, அறியாமலே இருக்கின்றனர். வாய் மறைப்பதை மெய் காட்டும். இதனைத் தொல்காப்பியர் தெளிவாகக் கண்டார். மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை முதலிய எட்டும் கூறியபின், உடைமை தொடங்கி 32 மெய்ப்பாடுகளை நிரலே கூறுகிறார். அவற்றுள் உயிர்ப்பு உண்டு, வியர்த்தல் உண்டு, நடுக்கு உண்டு, அரற்று உண்டு, கனவும் உண்டு. உள்ளத்தின் நிலை மெய்யின்கண் படுதலே மெய்ப்பாடு. பெருமூச்சையும் உள்ளங்கை வியர்வையையும் இலக்கண நூலில் எழுதி வைத்த மொழி இது.

இக்கால மருத்துவம் இதன் உள்நிகழ்ச்சியை விளக்குகிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பி கவிழ்த்தாற்போல் இரு சுரப்பிகள் உள்ளன. இடர் நேர்ந்ததென மூளை உணர்ந்தவுடன் அவை அட்ரினலின், கார்ட்டிசால் என்னும் நீர்களைச் சுரக்கும். நெஞ்சு விரைந்து துடிக்கும், மூச்சு மேலோடும், குருதி வயிற்றை விட்டுக் கைகால் தசைகளுக்குப் பாயும், செரிமானம் பின்னுக்குத் தள்ளப்படும். புலி எதிர்ப்பட்டால் எதிர்க்கவோ ஓடவோ இவை வேண்டும். புலி போனதும் உடல் தன் பழைய நிலையை அடையும். வங்கியிலிருந்து வந்த கடிதமோ புலியைப் போலப் போய்விடுவதில்லை, மேசையிலேயே இருக்கிறது. எதிர்க்கவும் முடியாது, ஓடவும் முடியாது. உடல் மட்டும் நாள்தோறும் போருக்கு அணிவகுத்து நின்று தேய்கிறது. 1936ஆம் ஆண்டு ஹான்ஸ் செலி என்னும் அறிஞர் ‘நேச்சர்’ இதழில் எழுதிய சிறு கட்டுரை, பலவகைப்பட்ட துன்பங்களுக்கும் உடல் ஒரே பாங்கில் எதிர்வினை செய்வதை எடுத்துக்காட்டியது. இந்நிலையைத்தான் இன்று மன அழுத்தம் என்கின்றனர். மக்கள் வழக்கில் மனச்சோர்வு என்னும் நோயையும் அதே சொல்லால் குறிப்பது குழப்பத்திற்கு இடமாகிறது. அழுத்தம் புறத்துச் சுமையால் வருவது. சுமை இறங்கினால் பெரும்பாலும் நீங்கும். சோர்வு, சுமை இறங்கிய பின்னும் எழவிடாதது.

வீடுகளில் இதன் அடையாளங்களைக் காண நூலறிவு வேண்டுவதில்லை. ஒரு தந்தையை எண்ணிப் பாருங்கள். எவரும் அறியாமல் வட்டிக்குப் பணம் வாங்கியிருக்கிறார். உண்ண அமர்கிறார்; சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறார்; ‘குழம்பில் உப்பில்லை’ என்று கடிந்து எழுகிறார். குழம்பில் உப்பு இருந்தது. இரவில் கதவின் தாழ்ப்பாளை மும்முறை இழுத்துப் பார்க்கிறார். பின்னிரவு 3 மணிக்கு விழித்து, கொடுக்க வேண்டியதைக் கூட்டுகிறார். முன்னாள் கூட்டிய அதே தொகை வருகிறது. காலையில் தலை கனக்கிறது, பிடரி வலிக்கிறது. ‘வெயில் சூடு’ என்கிறார். பிள்ளை பென்சில் வாங்கக் காசு கேட்கிறான், அவன்மேல் பாய்கிறார். தொலைப்பேசி மணி அடித்தால் திடுக்கிடுகிறார். அவரைக் கேட்டால், ‘எனக்கொன்றும் இல்லை, வீட்டில்தான் எல்லாரும் என்னைச் சினமூட்டுகின்றனர்’ என்பார். சினத்தின் உடையில் வரும் கவலையைச் சினம் என்றே எண்ணுவதால் பல இல்லங்களில் உண்மை நோய் அறியப்படாமல் போகிறது. பெண்டிர்க்கு அது பெரும்பாலும் தலைவலியாகவும் ஓயாத வேலையாகவும் வரும். துலக்கிய பாத்திரத்தையே மறுபடி துலக்குவார்கள்.

இந்நிலைக்குச் சிலப்பதிகாரத்தில் ஓர் இடம் உண்டு. அதனைக் கதையாகப் படித்தோர் பலர். கவலைக்கு எழுதிய உரையாகப் படித்தோர் சிலரே.

காடுகாண் காதையில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் உறையூரைக் கடந்து மதுரை நோக்கிச் செல்கின்றனர். வழியிடையில் மாங்காட்டு மறையோன் என்னும் அந்தணனைக் கண்டு, மதுரைக்கு வழி யாது எனக் கோவலன் வினவுகிறான். கொடும்பாளூரில் உள்ள பெருங்குளத்தின் கரையை அடைந்தால், சிவபெருமான் கைச் சூலத்தைப் போல வழி மூன்றாகப் பிரியும் என்கிறான் மறையோன். இன்று திருச்சியிலிருந்து மதுரைக்குப் பேருந்தில் செல்வோர் கடந்து போகும் அதே கொடும்பாளூர்தான். வலப்பக்க வழி வெம்மை மிக்க பாலை நிலத்தூடு சென்று சிறுமலைப் பக்கம் போகும். இடப்பக்க வழி வயலும் சோலையும் கடந்து திருமால் குன்றம் சேரும். நடுவே செல்வதுதான் செவ்விய வழி. ஆனால் அதிலும் ஓர் இடர் உண்டு. அக்காட்டில் ஒரு தெய்வம் உறைகிறது. அது அச்சுறுத்தும் உருவில் வாராது. இனிய தோற்றத்தோடே வரும். துன்பம் ஏதும் இழைக்காது. வழிச்செல்வோரைத் தடுத்து நிறுத்திவிடும், அவ்வளவே. அதனைக் கடந்துவிட்டால் மூன்று வழிகளும் ஒன்றாய்க் கூடி மதுரைப் பெருவழி கிடக்கும்.

அன்பர்களே, கவலையின் தொழிலை இதனினும் சுருங்கக் கூறுதல் அரிது. அது கடிப்பதும் இல்லை, அடிப்பதும் இல்லை. நிறுத்திவிடுகிறது.

மூவரும் நடுவழியே சென்றனர். நீர் வேட்கை மிகவே கோவலன் வழியை விட்டு விலகி ஒரு பொய்கைக் கரையை அடைந்தான். அங்கே ஒருத்தி அவன் காலில் வீழ்ந்து அழுகிறாள். பார்த்தால் வயந்தமாலை, மாதவியின் தோழி! ‘நின்னிடம் கொண்டுவந்த செய்தியை நான் பிழைபடக் கூறியதாலேதான் நீ கொடுமை செய்தாய் என்று மாதவி வருந்தினாள், தன் முத்துமாலையை அறுத்தெறிந்தாள், என்னையும் துறந்தாள். நீ மதுரை செல்வதை வழியில் வந்தோர் கூறக் கேட்டு, வணிகக் கூட்டத்தோடு வந்து துயருழந்தேன். இனி நான் செய்வது யாது?’ என்று கேட்கிறாள்.

அத்தெய்வத்தின் நுட்பத்தை நோக்குதல் வேண்டும். கோவலனுக்குப் புலியையோ பாம்பையோ அது காட்டவில்லை. அவன் நெஞ்சில் ஏற்கெனவே உறுத்திக்கொண்டிருந்ததன் உருவத்தை எடுத்துக்கொண்டு வந்தது. ஒவ்வொருவர்க்கும் கவலை அறிந்த முகத்தோடேதான் வரும். அறியாத முகத்தோடு வந்தால் எவரும் நின்று கேட்கமாட்டார். மகனின் முகத்தோடு வரும். கடன் கொடுத்தவரின் முகத்தோடு வரும். செய்த பிழையின் முகத்தோடு வரும். அது கூறுவதில் பாதி உண்மை போலவும் இருக்கும். அதனாலேயே அது பொய்யென்று தோன்றுவதில்லை.

கோவலன் செய்தது ஒன்றே. மறையோன் முன்பே சொல்லி வைத்ததை நினைந்தான். ‘மயக்கும் தெய்வம் இக்காட்டில் உண்டு என்றானே, இது அதுவாக இருக்குமோ’ என்று ஐயுற்றான். கொற்றவைக்குரிய மந்திரத்தைச் சொன்னான். உடனே அவள், ‘யான் வனசாரிணி, மயக்கம் செய்தேன்’ என்று தன் உண்மையை ஒப்புக்கொண்டாள். பெயர் வெளிப்பட்டதும் வயந்தமாலை மறைந்தாள். நள்ளிரவில் நெஞ்சு படபடக்கும்போது, ‘வீடு போய்விடும், மானம் போய்விடும்’ என்று அந்நினைவு கூறுவதையெல்லாம் கேட்டுக்கொண்டே கிடத்தல் ஒன்று. ‘இப்போது வந்திருப்பது கவலை; வட்டிக் கடனைப் பற்றிய கவலை; நேற்றும் இந்நேரமே வந்தது’ என்று பெயரிட்டு அறிதல் வேறொன்று. கடன் அப்படியேதான் இருக்கும். ஆனால் கடன் வேறு, மயக்கம் வேறு எனப் பிரிந்துவிடும். மந்திரம் அறிந்தோர் மந்திரத்தைச் சொல்லுக. அறியாதோர் மூச்சை மெல்ல உள்ளிழுத்து, அதனினும் மெல்ல நெடிதாக வெளிவிடுக. வெளிமூச்சு நீளுங்கால் நெஞ்சத் துடிப்பு தணியும் என்பது உடற்கூற்று நூலார் கண்ட உண்மை. நாமத்தை நிறுத்தி நெடிது ஓதும்போதும் வெளிமூச்சே நீளுகிறது.

இதற்குமேல் அத்தெய்வம் ஒரு வேண்டுகோள் விடுக்கிறது. பலரும் இதனைக் கவனியாது கடந்து போவர். ‘கண்ணகிக்கும் கவுந்திக்கும் இதனைச் சொல்லாதே, போ’ என்கிறது. அதன் வலி முழுவதும் சொல்லாமையில் இருக்கிறது. மேலே கூறிய தந்தை தம் கடனை மனைவியிடம் மறைத்தார். எதற்காக? அவள் வருந்துவாள் என்று. அவளோ தீண்டப்படாத சோற்றையும் மும்முறை இழுத்த தாழ்ப்பாளையும் கண்டு, கடனினும் கொடியவற்றையெல்லாம் கற்பனை செய்துகொண்டு தானும் உறங்காமல் கிடக்கிறாள். ஒரே பாயில் இரு கவர்வழிகள்! சொல்லியிருந்தால், ஒருவேளை அவள் ஒரு வளையலைக் கழற்றித் தந்திருப்பாள், ஒருவேளை திட்டியிருப்பாள். எதுவாயினும் பொழுது விடிந்திருக்கும்.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வரவிருக்கும் நாள்களில் பல வீடுகளில் பிள்ளைகளும் இவ்வாறே வாய்திறவாமல் இருக்கின்றனர். அவர்களிடம் மதிப்பெண்ணைக் கேட்கும்முன் உண்டாயா, உறங்கினாயா என்று கேட்கும் பெற்றோர் வேண்டும். வீட்டாரிடம் கூற இயலாதார்க்கும் இக்காலத்தில் வாயில் உண்டு. 2022 அக்டோபர் 10ஆம் நாள் நடுவண் அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ என்னும் மனநல உதவிக்கு, 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலும் அது தனியே தாங்கத்தக்கதன்று. அன்றைக்கே ஒருவரிடம் சொல்லியாக வேண்டும். கேட்டவரும் அவரைத் தனியே விட்டு அகலலாகாது.

கவலைப்படாதே என்று கூறுவோர் ஊரெங்கும் உளர். அறிவுரைகளில் இதனினும் பயனற்றது இல்லை. வெயிலில் நிற்பவனை வியர்க்காதே என்பது போன்றது. அதனினும் நன்று, கவலைக்கு ஒரு நேரம் ஒதுக்குதல். மாலையில் ஒரு நாழிகை, அஃதாவது 24 நிமிடம். தாளும் எழுதுகோலும் கொண்டு அமர்ந்து, நெஞ்சில் உள்ள அனைத்தையும் எழுதி, ஒவ்வொன்றன் எதிரிலும் ‘நாளை இதற்கு என் கையால் ஆவது யாது’ என்று எழுதுதல். ஆவது இருந்தால் நாளும் நேரமும் குறித்தல். இல்லையெனின் ஒரு கோடு இடுதல். மற்ற நேரத்தில் அது வந்து வாயிலில் நின்றால், ‘மாலை வா’ எனல். மனநல அறிஞர் கையாளும் முறையே இது. நாள்தோறும் உடல் வியர்க்க நடத்தல், பொழுது சாய்ந்தபின் காப்பியைத் தவிர்த்தல், படுக்கைக்குக் கைப்பேசியைக் கொண்டு போகாமை ஆகியனவும் துணை செய்யும். இவற்றை விரித்துரைக்க வேண்டுவதில்லை. எல்லாரும் அறிந்தவை, செய்யாதவை.

இரண்டு கிழமைக்கு மேல் உறக்கமும் உணவும் கெட்டு, முன்பு மகிழ்வளித்தவை எவையும் மகிழ்வளியாமல், அன்றாடப் பணியும் நடவாமற் போனால் மருத்துவரிடம் செல்லுதல் கடமை. பேரனுக்குக் காய்ச்சல் என்றால் விபூதியும் இட்டு மருந்தும் புகட்டும் பாட்டி, மனநோய்க்கு மட்டும் மருத்துவரை நாணுவது ஏன்? திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக் குணசீலத்தில், மனம் நலிந்தோர் ஒரு மண்டலம் தங்கிப் பெருமாளை வழிபடுதல் நெடுநாளைய வழக்கம். இன்று அங்கே மனநல மறுவாழ்வு மையமும் இருக்கிறது. வழிபாடும் நடக்கிறது, மருத்துவமும் நடக்கிறது, ஒன்றுக்கொன்று வழக்கில்லை.

மீண்டும் பொய்கைக் கரைக்கு வருவோம். கோவலனுக்கு மதுரையில் நேர்ந்தது யாவரும் அறிந்தது. ஆனால் அக்காட்டுத் தெய்வம் அவனிடம் பொற்கொல்லனைப் பற்றியோ சிலம்பைப் பற்றியோ ஒரு சொல்லும் சொன்னதில்லை. நிகழ்ந்து முடிந்ததையே கிளறிக் காட்டி அழுதது. கவலையை வருவதுரைக்கும் தூதன் என்று நம்புவோர் இதனை எண்ணிப் பார்க்கலாம். (கோவலன் பின்னர்த் தீக்கனவு கண்டு மாடலனிடம் கூறியது வேறு செய்தி, அது அடைக்கலக் காதையில் வருவது.)

வனசாரிணி மறைந்தபின் கோவலன் கண்ணகியிடமும் கவுந்தியிடமும் நடந்ததைச் சொன்னானா என இளங்கோவடிகள் கூறவில்லை. வேறொன்றைக் கூறுகிறார். கோவலன் அக்கரையில் அமர்ந்து மாதவியை எண்ணிக்கொண்டிருக்கவில்லை. பொய்கைக்கு எதற்காக வந்தானோ அது அவன் நினைவுக்கு வந்தது. பசிய தாமரை இலையில் தண்ணீரை ஏந்தினான். இலையில் ஏந்திய நீரைச் சிந்தாமல் கொண்டு நடப்பவன் கண், இலையின்மேல் அன்றி வேறெங்கும் போகாது. சோர்ந்திருந்த கண்ணகியின் வேட்கையைத் தீர்த்தான். அதற்குள் வெயில் ஏறத் தொடங்கியது. இனி இக்காட்டில் நடத்தல் அரிது என மூவரும் அருகிருந்த ஐயை கோட்டத்திற்குச் சென்றனர். கண்ணகியின் சிற்றடிகள் சிவந்திருந்தன, மூச்சு வாங்கிற்று. கொற்றவை கோயிலின் ஒரு பக்கத்தே, ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து, வழி நடந்த நோவு தணிய அமர்ந்தனர்.